நீண்ட அடிக்குறிப்பு பாதி இங்கே, பாதி அடுத்த பக்கத்தில்: வேர்டிலும் ரைட்டரிலும் எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி: பதிப்புப்பணி

வணக்கம். ஆய்வு நூல் ஒன்றின் கோப்பை அச்சுக்குத் தயார் செய்கிறோம். மைக்ரோசாஃப்ட் வேர்ட், ஏ4 தாள், நான்கு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம். உடல் எழுத்து 12 புள்ளி, வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' 20 புள்ளி. அடிக்குறிப்பு 9 புள்ளி, வரி இடைவெளி 14 புள்ளி. குறிப்புகள் முந்நூறுக்கும் மேல். பல குறிப்புகள் ஐந்தாறு வரி நீளம். எல்லாம் முறைப்படி ரெஃபரன்சஸ் டேப் வழியாகச் செருகியவை, கையால் எண் போட்டவை அல்ல.

சிக்கல்கள் இவை:

ஆறு வரிக் குறிப்பு ஒன்றின் எண் பக்கத்தின் 33ஆம் வரியில் இருக்கிறது. குறிப்பின் முதல் வரி மட்டும் அங்கே நிற்கிறது, மீதி ஐந்து வரி அடுத்த பக்க அடிக்குப் போய்விடுகிறது. வேறு சில பக்கங்களில் இதற்கு நேர்மாறு: குறிப்பே இல்லை, ஆனால் அடியில் மூன்று வரி இடம் காலி.

இயலின் கடைசிப் பக்கத்தில் உரை பாதியில் முடிந்தாலும் குறிப்பு தாளின் அடியில் போய் உட்காருகிறது. உரை முடிந்த இடத்துக்குக் கீழேயே வர வேண்டும் என்று பதிப்பகம் கேட்கிறது.

குறிப்புக்கு மேலுள்ள கோடு சில பக்கங்களில் குட்டையாகவும் சில பக்கங்களில் முழு அகலத்துக்கும் இருக்கிறது. குட்டைக் கோடு ஓரத்தோடு ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளியும் நிற்கிறது.

உடன் ஆசிரியர் லிப்ரேஆஃபிஸ் ரைட்டர் பயன்படுத்துகிறார். அங்கே இவற்றுக்கு என்ன வழி?

என்டர் தட்டித் தள்ளுவது, பக்க முறிவு போட்டு ஒப்பேற்றுவது இரண்டும் வேண்டாம். ஒரு சொல் திருத்தினாலே எல்லாம் குலைந்துவிடும்.

---

பதில் 1: வரிக்கணக்கு

உங்கள் முதல் சிக்கலில் உள்ள இரண்டு குறைகளும் ஒரே காரணத்தால் வருபவை. அடிக்குறிப்பு எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது குறிப்பல்ல, அதன் எண் நிற்கும் வரி. எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் குறிப்பு தொடங்கியாக வேண்டும். ஆனால் குறிப்புக்கு இடம் ஒதுக்கினால் உரைக்கு இடம் குறையும். உரை குறைந்தால் எண் உள்ள வரியே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். வரி போனால் குறிப்பும் கூடவே போகும், இங்கே இடம் காலியாகிவிடும். இந்தச் சிக்கலிலிருந்து வெளிவர வேர்டுக்கு இரண்டே வழி: குறிப்பைப் பிளப்பது, அல்லது வரியைத் தள்ளிவிட்டு அடியில் வெற்றிடம் விடுவது.

நீங்கள் தந்த அளவுகளை வைத்தே பார்ப்போம். 29.7 செ.மீ. உயரத்தில் மேலும் கீழும் 5 செ.மீ. போனால் 24.7 செ.மீ., அதாவது 700 புள்ளி. 20 புள்ளி வரியாக 35 வரி கொள்ளும். பிரிகோட்டுக்கு 14 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வேறு குறிப்பு இல்லாதபோது, எண் எந்த வரியில் இருந்தால் குறிப்பின் எத்தனை வரி அதே பக்கத்தில் அடங்கும்?

30ஆம் வரியில் எண்: மிச்சம் 100 புள்ளி, கோடு போக 86. ஆறு வரியும் (84 புள்ளி) அடங்கும்.
31ஆம் வரி: 66 புள்ளி, நான்கு வரி.
32ஆம் வரி: 46 புள்ளி, மூன்று வரி.
33ஆம் வரி: 26 புள்ளி, ஒரே வரி.
34ஆம் வரி: 6 புள்ளி. ஒரு வரிகூட அடங்காது.

33இல் எண் இருக்கும்போது ஒரு வரி மட்டும் நிற்பது இதனால்தான். எண் 34ஆம் வரியில் விழுந்தால் குறிப்பு தொடங்கவே இடமில்லை, ஆகவே அந்த வரி அடுத்த பக்கம் போகிறது. அந்த வரி பத்தியின் இரண்டாம் வரியாக இருந்து, 'விடோ/ஆர்ஃபன் கன்ட்ரோல்' டிக் ஆகியிருந்தால், பத்தியின் முதல் வரியைத் தனியே விட முடியாது என்று 33ஆம் வரியும் சேர்ந்து போகும். 33, 34, 35: நீங்கள் சொல்லும் மூன்று வரி வெற்றிடம் அதுதான்.

ஆக, உங்கள் கையில் இருப்பவை மூன்று: எண் நிற்கும் வரி, குறிப்பின் நீளம், குறிப்பின் பத்தி அமைப்பு.

முதலில் பத்தி அமைப்பு. 'ஃபுட்நோட் டெக்ஸ்ட்' என்ற ஸ்டைலைத் திறந்து, மாடிஃபை, ஃபார்மேட், பாராகிராஃப், 'லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்' டேபில் 'கீப் லைன்ஸ் டுகெதர்' டிக் செய்தால் குறிப்பு பிளவுபடாது. எண் உள்ள வரியைச் சேர்த்து அடுத்த பக்கத்துக்கு அனுப்பிவிடும். ஆனால் இதை மூல ஸ்டைலிலேயே போட வேண்டாம் என்பேன். ஐந்தாறு வரிக் குறிப்புகள் நிறைந்த நூலில் பக்கத்துக்குப் பக்கம் அடியில் வெற்றிடம் விழும். அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தால் உரையில் பெரிய பள்ளமே விழும். அதற்குப் பதிலாக 'ஃபுட்நோட் டெக்ஸ்ட்' ஸ்டைலை அடிப்படையாக வைத்துப் 'பிளவாக் குறிப்பு' என்று ஒரு புது ஸ்டைல் உருவாக்கி, அதில் மட்டும் இந்த டிக்கை வையுங்கள். இரண்டு மூன்று வரிக் குறிப்பு பிளந்து நிற்பதுதான் கண்ணை உறுத்தும், அவற்றுக்கு இந்த ஸ்டைலைக் கொடுங்கள். எட்டு வரிக்கு மேற்பட்டவை பிளக்கட்டும், அச்சு நூல்களில் அது வழக்கம்தான். ஒரே குறிப்பில் இரண்டு பத்தி இருந்தால் முதல் பத்திக்குக் 'கீப் வித் நெக்ஸ்ட்' டிக்கும் சேர்த்துப் போட வேண்டும், ஏனென்றால் 'கீப் லைன்ஸ் டுகெதர்' ஒரு பத்திக்குள் மட்டுமே வேலை செய்யும்.

அடுத்து, எண்ணின் இடம். உங்கள் ஆறு வரிக் குறிப்பு முழுதாக நிற்க எண் 30ஆம் வரிக்குள் இருந்தாக வேண்டும். வாக்கியத்தின் முடிவில் வைத்த எண்ணை, சான்று காட்டப்படும் சொல்லுக்குப் பக்கத்திலேயே வைக்கப் பொருள் இடம் கொடுத்தால், ஒன்றிரண்டு வரி முன்னே வந்துவிடும். உரையில் உள்ள எண்ணை மட்டும் தேர்ந்து வெட்டி ஒட்டினால் போதும், குறிப்பும் பின்னாலேயே வரும். ஆனால் ஒரே பத்தியில் நாலைந்து சான்றுகளுக்குத் தனித்தனி எண் இருந்தால் அவற்றை ஒரே குறிப்பாகச் சேர்ப்பது இன்னும் நல்லது: ஒவ்வொரு குறிப்பும் புது வரியில் தொடங்குவதால் வீணாகும் அரை வரிகள் எல்லாம் மிச்சமாகும்.

கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய வடிவக் கோப்பு என்றால் குறிப்புகளும் பழைய பதிப்பின் விதிப்படியே அமைக்கப்படலாம். ஃபைல், இன்ஃபோ, கன்வெர்ட் கொடுத்து மாற்றிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். நடுவில் மாற்றினால் பக்கங்கள் எல்லாம் நகரும்.

உரைக்குக் கீழேயே வைக்க: ரெஃபரன்சஸ் டேபில் ஃபுட்நோட்ஸ் குழுவின் வலது அடி மூலையில் சிறிய அம்புக்குறி இருக்கும். அதைச் சொடுக்கி, ஃபுட்நோட்ஸ் என்பதற்கு எதிரே உள்ள 'பாட்டம் ஆஃப் பேஜ்' என்பதை 'பிலோ டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். 'அப்ளை சேஞ்சஸ் டு' என்பதில் 'ஹோல் டாக்குமென்ட்' தேர்ந்து 'அப்ளை' கொடுங்கள். 'இன்செர்ட்' பொத்தானை அழுத்தினால் கர்சர் உள்ள இடத்தில் புதுக் குறிப்பு ஒன்று முளைத்துவிடும், கவனம்.

நிரம்பிய பக்கத்தில் இரண்டு அமைப்பும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு குறை நிரம்பிய பக்கங்களில் மட்டும். அதாவது, இயல் முடிவில் மட்டுமல்ல, அடியில் இரண்டு மூன்று வரி காலியாகும் பக்கங்களிலும் குறிப்பு மேலேறி நிற்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் குறிப்புகளின் அடி ஒரே மட்டத்தில் இருக்காது. முதல் சிக்கலைச் சரிசெய்து வெற்றிடங்களைக் குறைத்த பிறகு இந்த மாற்றத்தைச் செய்தால் இது அவ்வளவாகத் தெரியாது.

கோடு: வேர்டில் இரண்டு வகைக் கோடு உண்டு. குறிப்பு தொடங்கும் பக்கத்தில் குட்டைக் கோடு. முந்தைய பக்கத்திலிருந்து குறிப்பு தொடர்ந்து வந்தால் ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுக் கோடு. ஆகவே முழுக் கோடு பிழையல்ல; எந்தெந்தப் பக்கங்களில் குறிப்பு பிளந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க அதுவே நல்ல அடையாளம். இரண்டையும் ஒன்றாக்கவே வேண்டுமானால்: வியூ டேபில் 'டிராஃப்ட்', பிறகு ரெஃபரன்சஸ் டேபில் 'ஷோ நோட்ஸ்'. திரையின் அடியில் திறக்கும் பலகத்தில் கீழிறங்கு பட்டியலிலிருந்து 'ஃபுட்நோட் செபரேட்டர்', 'ஃபுட்நோட் கன்டினியுவேஷன் செபரேட்டர்' இரண்டையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து திருத்தலாம். தவறாகிவிட்டால் அங்கேயே 'ரீசெட்' இருக்கிறது. பிரின்ட் லேஅவுட் பார்வையில் இந்தப் பலகம் திறக்காது, அதனால்தான் பலருக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

அதே பட்டியலில் 'கன்டினியுவேஷன் நோட்டீஸ்' என்றும் ஒன்று இருக்கும். 'தொடர்ச்சி அடுத்த பக்கத்தில்' போன்ற சொற்களை அதில் போடலாம். ஆனால் அது பிளந்த பக்கத்தில் ஒரு வரி இடத்தைத் தின்னும், மேலே போட்ட கணக்கில் 33ஆம் வரிக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைக்காது. உங்கள் நூலுக்கு அது வேண்டாம்.

கோடு உள்ளே தள்ளி நிற்பதற்குக் காரணம்: கோடும் ஒரு பத்திதான், 'நார்மல்' ஸ்டைலில் உள்ளது. உடல் உரைக்காக நார்மல் ஸ்டைலிலேயே முதல் வரி உள்ளொதுக்கம் வைத்திருப்பீர்கள், அது கோட்டுக்கும் தொற்றியிருக்கிறது. டிராஃப்ட் பலகத்தில் கோட்டின் மேல் கர்சரை வைத்து, பாராகிராஃப் அமைப்பில் 'ஸ்பெஷல்' என்பதை 'நன்' ஆக்குங்கள். 'பிஃபோர்' இடைவெளி ஏதேனும் இருந்தால் அதையும் பூஜ்யமாக்குங்கள். அங்கே வீணாகும் இடமும் குறிப்பின் இடத்திலிருந்து போவதுதான். சரியான வழி, உடல் உரைக்குத் தனி ஸ்டைல் வைத்துக்கொண்டு நார்மலைத் தொடாமல் விடுவது.

---

பதில் 2: திறந்தமூலம்

ரைட்டரிலும் மேலே சொன்ன வரிக்கணக்கு அப்படியே பொருந்தும். அமைப்புகள் இருக்கும் இடம்தான் வேறு, அதுவும் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. குழப்பம் அதனால்தான்.

டூல்ஸ் மெனுவில் ஃபுட்நோட், எண்ட்நோட் அமைப்பு: எண் வடிவம், எண்ணிக்கை பக்கவாரியா, இயல்வாரியா, ஆவணம் முழுவதுமா என்பது, குறிப்பு 'எண்ட் ஆஃப் பேஜ்' இடத்திலா 'எண்ட் ஆஃப் டாக்குமென்ட்' இடத்திலா என்பது, பிளந்த குறிப்புக்கான தொடர்ச்சிச் சொற்கள். பக்கவாரி எண் வேண்டுமானால் இடம் 'எண்ட் ஆஃப் பேஜ்' ஆக இருந்தே தீர வேண்டும். இயல்வாரி எண் என்றால் இயல் தலைப்புகள் 'ஹெடிங் 1' ஸ்டைலில் இருக்க வேண்டும், வெறுமனே பெரிய எழுத்தாக்கிய தலைப்பை ரைட்டர் இயலாகக் கருதாது.

உங்களுக்கு முக்கியமானது இரண்டாவது இடம்: பக்க ஸ்டைல். ஃபார்மேட் மெனுவில் பேஜ் ஸ்டைல், அதில் ஃபுட்நோட் டேப். குறிப்புப் பகுதி எவ்வளவு உயரம் வளரலாம் என்பதை இங்கேதான் சொல்கிறோம். 'நாட் லார்ஜர் தேன் பேஜ் ஏரியா' என்றால் குறிப்பு தேவைப்படும் அளவுக்கு வளரும். 'மேக்சிமம் ஃபுட்நோட் ஹைட்' என்று 3 செ.மீ. கொடுத்தால், அதற்கு மேற்பட்டது அடுத்த பக்கத்துக்குப் போகும், பக்கத்தில் இடம் இருந்தாலும்கூட. 3 செ.மீ. என்பது 85 புள்ளி. ஆறு வரிக் குறிப்பே 84 ஆகிறது, அதோடு கோட்டின் இடைவெளியும் சேர்ந்தால் கடைசி வரி தனியே தாவும். வேறொருவர் தந்த டெம்ப்ளேட்டில் குறிப்புகள் காரணமில்லாமல் பிளந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கோடும் இதே டேபில்தான்: தடிமன், நிறம், அகலம் எத்தனை சதவீதம், இடமா நடுவா வலமா, உரைக்கும் குறிப்புக்கும் எவ்வளவு இடைவெளி எல்லாம். இவை ஒவ்வொரு பக்க ஸ்டைலுக்கும் தனித்தனி. 'டிஃபால்ட்' பக்க ஸ்டைலில் மாற்றிவிட்டு, இயல் முதற்பக்கத்துக்கு 'ஃபர்ஸ்ட் பேஜ்', இடப்பக்கத்துக்கு 'லெஃப்ட் பேஜ்' என்று வேறு ஸ்டைல்களையும் பயன்படுத்தியிருந்தால், அங்கே பழைய கோடும் பழைய உயரமும் அப்படியே இருக்கும். ரைட்டரில் கோடு பக்கத்துக்குப் பக்கம் மாறினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

மூன்றாவது இடம் செக்ஷன். இன்செர்ட் மெனுவில் செக்ஷன் போட்டு, அதன் ஃபுட்நோட்ஸ்/எண்ட்நோட்ஸ் டேபில் 'கலெக்ட் அட் எண்ட் ஆஃப் டெக்ஸ்ட்' டிக் செய்தால் அந்தப் பகுதியின் அடிக்குறிப்புகள் எல்லாம் பகுதி முடியும் இடத்தில், உரையை ஒட்டியே, சேர்ந்து வரும். இயல் முழுவதையும் இப்படிச் சுற்றினால் இயல் குறிப்புகள் எல்லாம் இயல் கடைசிக்குப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். வேர்டின் 'பிலோ டெக்ஸ்ட்' போல எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும் அமைப்பாக இதை நினைத்துவிடக் கூடாது. கடைசிப் பக்கத்து உரையை மட்டும் செக்ஷனில் சுற்றி ஒப்பேற்றலாம்தான், ஆனால் முன்னால் ஒரு பத்தி கூடினாலே அந்தச் சுற்று இடம் மாறிவிடும். உரைக்குக் கீழே குறிப்பு வேண்டும் என்பது பதிப்பகத்தின் கட்டாய நிபந்தனை என்றால், இறுதிப் பக்க அமைப்பை வேர்டில் செய்துவிடுவதே நல்லது. உடன் ஆசிரியர் ரைட்டரில் உரையைத் திருத்தட்டும், குறிப்பின் இடத்தை அங்கே சரிசெய்ய வேண்டாம். ஒரே கோப்பு இரண்டிலும் ஒரே இடத்தில் வரி முறிவதில்லை. ஒரு மென்பொருளில் 30ஆம் வரியில் நின்ற எண் இன்னொன்றில் 31இல் நிற்கும், அந்த ஒரு வரியிலேயே குறிப்பு பிளந்துவிடும்.

---

பதிப்புப்பணி

இருவருக்கும் நன்றி. நார்மல் ஸ்டைலில் 1 செ.மீ. உள்ளொதுக்கம் இருந்தது உண்மை, எடுத்ததும் கோடு ஓரத்துக்கு வந்துவிட்டது. முழுக் கோடு உள்ள பக்கங்களை மட்டும் பார்த்துப் 'பிளவாக் குறிப்பு' ஸ்டைல் கொடுத்துவருகிறோம், பலன் தெரிகிறது.

இன்னும் மூன்று: அட்டவணைக்குள் உள்ள குறிப்பு அட்டவணைக்குக் கீழே வராமல் பக்க அடிக்கு ஓடுகிறது. இரண்டு நெடுவரிசையாக உள்ள பின்னிணைப்பில் குறிப்புகளும் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன, பக்க அகலத்துக்கு வேண்டும். மூன்றாவது, ஒரு சில குறிப்புகளை நூலின் இறுதியில் பின்குறிப்பாக (எண்ட்நோட்) ஆக்க நினைக்கிறோம், ஆனால் அவை துணைநூற்பட்டியலுக்கு முன்னால் வர வேண்டும். வேர்ட் எப்போதும் ஆகக் கடைசியில் போடுகிறது.

---

பதில் 3: அட்டவணையாளர்

அட்டவணைக்குள் செருகும் அடிக்குறிப்பு வேர்டிலும் ரைட்டரிலும் பக்கத்தின் அடிக்குத்தான் போகும். அட்டவணையின் கீழே நிறுத்த அமைப்பு இல்லை. அப்படி ஓடுவது வேறு வகையிலும் கெடுதல். அட்டவணையின் எண்ணும் உரையின் எண்ணும் ஒரே வரிசையில் கலந்துவிடும், அட்டவணையை வேறு பக்கத்துக்கு நகர்த்தினால் உரையின் எண்களும் மாறும். ஆகவே அட்டவணைக் குறிப்பைத் தானியங்கி அடிக்குறிப்பாகவே வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: அட்டவணையின் கடைசியில் ஒரு வரிசை கூட்டுங்கள். அதன் கட்டங்கள் எல்லாவற்றையும் 'மெர்ஜ் செல்ஸ்' கொடுத்து ஒன்றாக்கி, இடம், வலம், அடி மூன்று கோடுகளையும் நீக்கிவிடுங்கள். அதில் அடிக்குறிப்பின் 9 புள்ளி எழுத்தில் குறிப்பை எழுதுங்கள். குறி எண்ணாக இல்லாமல் *, †, ‡ என்று இருக்கட்டும், உரையின் எண்ணோடு குழம்பாது. குறிப்பு அட்டவணையின் உள்ளேயே இருப்பதால் அட்டவணை எங்கே போனாலும் கூடவே போகும். இந்த வரிசை மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தனியே நழுவாமலிருக்க, அதற்கு முந்தைய வரிசையின் பத்திகளுக்குக் 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுங்கள். அந்த வரிசைக்கு 'அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் உரை வைத்திருந்தால் வேர்டில் அதற்குள் அடிக்குறிப்பு செருகவே முடியாது. கட்டத்துக்குள் உரை வேண்டும், அதற்கு முறையான அடிக்குறிப்பும் வேண்டும் என்றால், டெக்ஸ்ட் பாக்ஸை விட்டுவிட்டு ஒரே கட்டமுள்ள அட்டவணை போட்டு அதில் எழுதுங்கள்.

இரண்டு நெடுவரிசை: வேர்ட் 2013 முதல் அதே ஃபுட்நோட் டயலாக்கில் 'காலம்ஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. இயல்பில் 'மேட்ச் செக்ஷன் லேஅவுட்' இருக்கும், அதனால்தான் குறிப்பும் இரண்டாகப் பிரிகிறது. அதை '1 காலம்' ஆக்கி, 'அப்ளை சேஞ்சஸ் டு' என்பதில் 'திஸ் செக்ஷன்' தேர்ந்து அப்ளை கொடுங்கள். ரைட்டரில் இதற்குத் தனித் தேர்வு தேவையில்லை: இரண்டு நெடுவரிசை அமைப்பைப் பக்க ஸ்டைலில் போட்டால் குறிப்பு அந்தந்த நெடுவரிசையின் அடியில் நிற்கும், பக்கத்தை ஒற்றை நெடுவரிசையாக விட்டு உரையைச் செக்ஷனில் சுற்றி அங்கே இரண்டு நெடுவரிசையாக்கினால் குறிப்பு பக்க அகலத்துக்கு வரும்.

துணைநூற்பட்டியலுக்கு முன் பின்குறிப்பு: வேர்டில் இதற்குச் சுற்றுவழிதான், ஆனால் உறுதியானது. துணைநூற்பட்டியலுக்கு முன்னால் 'நெக்ஸ்ட் பேஜ்' வகை செக்ஷன் பிரேக் ஒன்று போடுங்கள். ஃபுட்நோட் டயலாக்கில் எண்ட்நோட்ஸ் இடத்தை 'எண்ட் ஆஃப் செக்ஷன்' ஆக்குங்கள். இனி பின்குறிப்புகள் ஒவ்வொரு செக்ஷனின் முடிவிலும் வரப் பார்க்கும். உங்கள் நூலில் இயலுக்கொரு செக்ஷன் இருந்தால், கடைசி இயல் தவிர மற்ற எல்லாவற்றிலும் கர்சரை வைத்து, லேஅவுட் டேபில் பேஜ் செட்அப் டயலாக்கைத் திறந்து, 'லேஅவுட்' டேபில் 'சப்ரெஸ் எண்ட்நோட்ஸ்' டிக் செய்யுங்கள். அடக்கப்பட்ட செக்ஷன்களின் குறிப்புகள் எல்லாம், டிக் இல்லாத அடுத்த செக்ஷனின் முடிவில், அதாவது கடைசி இயலுக்குப் பின்னும் துணைநூற்பட்டியலுக்கு முன்னும் சேர்ந்து வரும். எண்ணிக்கை 'கன்டினியுவஸ்' ஆக இருக்கட்டும். 'ரீஸ்டார்ட் ஈச் செக்ஷன்' என்றிருந்தால் ஒரே பட்டியலில் 1 பல தடவை வரும்.

'சப்ரெஸ் எண்ட்நோட்ஸ்' மங்கலாகி டிக் செய்ய முடியாமல் இருந்தால், இடம் இன்னும் 'எண்ட் ஆஃப் டாக்குமென்ட்' இல் இருக்கிறது என்று பொருள்.

ரைட்டரில் முன்னுரை தொடங்கிக் கடைசி இயல் வரை ஒரே செக்ஷனில் சுற்றி, எண்ட்நோட்ஸ் பகுதியில் 'கலெக்ட் அட் எண்ட் ஆஃப் செக்ஷன்' டிக் செய்தால் போதும்.

---

பதில் 4: எழுத்துருவன்

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய ஒன்று விடுபட்டிருக்கிறது, அது மேலே போட்ட வரிக்கணக்கையே மாற்றிவிடும்.

வேர்ட் தமிழைக் 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' வகையில் வைக்கிறது. அந்த வகைக்கு எழுத்துருவும் அளவும் தனி. ஃபுட்நோட் டெக்ஸ்ட் ஸ்டைலில் 9 என்று போட்டும் தமிழ் எழுத்து மட்டும் பெரிதாகவே நின்றால், 9 லத்தீன் எழுத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஸ்டைலை மாடிஃபை செய்யும்போது ஃபார்மேட், ஃபான்ட் திறந்து, 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியிலும் எழுத்துருவையும் 9 என்ற அளவையும் கொடுங்கள். ரைட்டரில் இதற்குப் பெயர் 'சிடிஎல்'. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் மொழிப் பகுதியில் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக் ஆகியிருந்தால்தான் ஸ்டைலின் ஃபான்ட் டேபில் அந்தப் பகுதியே தெரியும். குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அளவு மாற்றியிருந்தால், ஸ்டைலைச் சரிசெய்த பிறகு வேர்டில் அந்தக் குறிப்பின் உரையைத் தேர்ந்து கன்ட்ரோல்+ஸ்பேஸ் கொடுங்கள். கையால் போட்ட எழுத்து மாற்றங்கள் நீங்கி ஸ்டைலின் அளவு வரும். ஒரு எச்சரிக்கை: நூற்பெயர்களுக்குப் போட்ட சாய்வெழுத்தும் அதோடு போய்விடும், எண்ணையும் சேர்த்துத் தேர்ந்தால் குறிப்பின் தொடக்கத்தில் மேலெழுத்தாக நிற்கும் எண்ணும் சாதாரண எழுத்தாகிவிடும். ஆகவே நூற்பெயர் இல்லாத குறிப்புகளில், எண்ணை விட்டுவிட்டு உரையை மட்டும் தேர்ந்து செய்யுங்கள்.

வரி இடைவெளியில் 'சிங்கிள்' என்று விட்டால் உயரத்தை எழுத்துருவே முடிவு செய்யும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் மேலும் கீழும் இடம் தாராளமாக இருப்பதால், 9 புள்ளி எழுத்தின் வரி நீங்கள் நினைத்த 14க்கு மேலேயே போகலாம். குறிப்புக்கு நடுவே ஓர் ஆங்கில நூற்பெயரோ வேறு எழுத்துருவில் ஒரு சொல்லோ வந்தால் அந்த ஒரு வரி மட்டும் உயரம் மாறும். நீங்கள் 'எக்ஸாக்ட்லி' 14 வைத்திருப்பது நல்லது, எல்லா வரியும் ஒரே உயரம், கணக்கும் பொய்க்காது. ஆனால் இடத்துக்கு ஆசைப்பட்டு 11க்கு இறக்க வேண்டாம்: கூ, ழு, ஞி போன்ற எழுத்துகளில் மேல் சுழியோ கீழ் வாலோ வெட்டுப்பட்டுத் தெரியும். உங்கள் எழுத்துருவில் இந்த மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் தட்டி, 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தாலே எதுவரை இறங்கலாம் என்று தெரிந்துவிடும்.

வேலையின் வரிசையும் முக்கியம். உரைத் திருத்தம், மெய்ப்பு இரண்டும் முழுதாக முடிந்த பிறகே எண்களை நகர்த்துங்கள், 'பிளவாக் குறிப்பு' ஸ்டைல் கொடுங்கள். இயல் 1இன் முதல் பக்கத்திலிருந்து முன்னோக்கியே போங்கள். 40ஆம் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு 12க்குத் திரும்பினால் 40 மறுபடி மாறும். ஒவ்வொரு இயலும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் மாற்றம் அந்த இயலுக்குள் அடங்கும், ஒரு இயலை முடித்து அடுத்ததற்குப் போகலாம். குறிப்பு எண்களைத் தேட, கன்ட்ரோல்+எஃப் கொடுத்துத் தேடுபெட்டியில் ^ குறியை அடுத்து ஆங்கிலச் சிறிய எஃப் எழுத்தைத் தட்டுங்கள், ஒவ்வோர் அடிக்குறிப்பாக நிற்கும்.

கோப்பை வேறு கணினிக்கு அனுப்பும் முன் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' டிக் செய்யுங்கள். எழுத்துரு அங்கே இல்லாமல் வேறொன்று அதன் இடத்துக்கு வந்தால் வரி முறிவு மாறி, சரிசெய்த குறிப்புகள் எல்லாம் மீண்டும் நகரும். பதிப்பகத்துக்கு வேர்ட் கோப்போடு, நீங்கள் சரிபார்த்த அதே கணினியில் எடுத்த பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டுக்கும் பக்கம் மாறியிருக்கிறதா என்று அங்கே ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.